சண்டை போதும், காதல் எங்கே? பதினைந்தாம் எபியில் மாட்டிக்கொண்டேன்

நடுப்பக்கம்:
வணக்கம். ஒரு தொடர்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். காதல், நகைச்சுவை, எதற்கும் ஒத்துப்போகாத இருவர். பதினான்கு எபி (எபிசோடு) போட்டாயிற்று. பதினைந்தாவதில் வண்டி நின்றுவிட்டது, தள்ளினாலும் நகரவில்லை.

கதை இதுதான். அவன் ஒரு பதிப்பகத்தில் புரூஃப் பார்ப்பவன். எங்கேயாவது ஒற்று விட்டுப்போயிருந்தால் அன்றைக்கு அவனுக்குத் தூக்கம் வராது. அவள் வானொலி அறிவிப்பாளர். எழுதிவைத்துப் பேசுகிற பழக்கமே கிடையாது, வாய்க்கு வந்ததைப் பேசுவாள், ஊரே கேட்கும். அவளுடைய பேச்சைத் தொகுத்துப் புத்தகமாகப் போடலாம் என்று பதிப்பகம் முடிவு செய்கிறது. கையெழுத்துப் பிரதி அவன் மேசைக்கு வருகிறது. முதல் பக்கத்தில் மட்டும் நாற்பத்தொரு சிவப்புக் கோடு. சண்டை அங்கே ஆரம்பிக்கிறது.

நான் ரசித்து எழுதியது எபி 5. கோபத்தின் உச்சியில் அவள் "நீ மனிதனே இல்லை" என்று குறுஞ்செய்தி அனுப்புகிறாள். "'அல்ல' என்று வர வேண்டும்" என்று பதில் வருகிறது. அந்த எபிக்கு வந்த சிரிப்புப் பொம்மைகளை எண்ணி முடியவில்லை.

எபி 10க்குப் பிறகு கருத்துகளின் தொனி மாறிவிட்டது. "சண்டை சூப்பர், ஆனால் இவர்கள் எதற்காகக் காதலிக்க வேண்டும்?" "நாயகிக்கு வேறு நல்ல பையனாகப் பாருங்கள்." மொத்தம் 25 எபி என்று திட்டம். 24இல் காதலைச் சொல்வது, 25இல் சுபம். நடுவில் ஒன்பது எபிக்கு என்னிடம் ஒன்றுமே இல்லை. ஒரு தவறான புரிதலை உள்ளே விடலாமா என்று யோசிக்கிறேன். அவனை இன்னொரு பெண்ணோடு பார்த்துவிடுகிறாள், கடைசியில் அது அவன் தங்கை... சிரிக்காதீர்கள்.

தூக்கம்வராதவள்:
தங்கை வேண்டாம். கையெடுத்துக் கும்பிடுகிறேன், தங்கை மட்டும் வேண்டாம்.

உங்கள் கதையை ஒரே ராத்திரியில் முடித்தவள் நான். முதல் ஐந்து எபிக்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அப்புறம்? அவள் தப்பாக எழுதுவாள், அவன் திருத்துவான், அவள் கத்துவாள், கதவு படார். 6 முதல் 14 வரையிலான எபிகளைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் போட்டுப் படித்தாலும் கதை மாறாது. நீங்கள் பதினான்கு சண்டை எழுதவில்லை, ஒரே சண்டையைப் பதினான்கு தடவை எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு சண்டை முடியும்போதும் யாராவது ஒருவருக்கு மற்றவரைப் பற்றிப் புதிதாக ஒன்று தெரிந்திருக்க வேண்டாமா?

ஏட்டுச்சுரைக்காய்:
முதலில் ஒரு சின்னத் திருத்தம். "நீ மனிதனே" என்பதற்கு 'அல்ல' வராது. 'அல்ல' பலவின்பாலுக்கு உரியது. முன்னிலை ஒருமைக்கு 'அல்லை'. ஆக, உங்கள் புரூஃப் ரீடரே பிழை விட்டிருக்கிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தலைவனும் தலைவியும் எதிலெல்லாம் ஒத்திருக்க வேண்டும் என்று தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் பத்தைச் சொல்கிறது: பிறப்பு, குடிமை, ஆண்மை, ஆண்டு, உருவு, நிறுத்த காமவாயில், நிறை, அருள், உணர்வு, திரு. இந்தப் பொருத்தம் இல்லாத காதலை ஓரமாகத் தள்ளிப் பெருந்திணை என்று பெயர் வைத்தார்கள். உங்களைப் போன்றவர்கள் குடியிருப்பது அந்த ஓரத்தில்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரிகிற நான்கைந்து பொருத்தங்களை உடைத்துவிட்டு, தெரியாத ஒன்றிரண்டை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிற கதைதான் நிற்கிறது. உங்கள் கதையில் அந்த ஒன்றிரண்டு எவை?

வழிப்போக்கன்:
தொல்காப்பியத்தை வைத்துக்கொண்டு யூடி (அடுத்த எபி) போட முடியாது ஐயா. வாசகர் கேட்பது சிரிப்பு. அதை அவர் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

ஆனால் கடைசிக் கேள்வி நல்ல கேள்வி. அதற்கு நடுப்பக்கம் பதில் சொல்லட்டும்.

நடுப்பக்கம்:
'அல்லை'! இதை நான் கதைக்குள் கொண்டுபோகிறேன். அவள் எங்கேயோ தேடிக் கண்டுபிடித்து, நள்ளிரவில் அவனுக்கு அந்த ஒரு சொல்லை மட்டும் அனுப்புவாள்.

எது ஒத்துப்போகிறது என்று கேட்டால்... நேர்மையாகச் சொல்கிறேன், யோசித்ததே இல்லை. இரண்டு பேருக்கும் சொற்கள் மேல் பித்து. அவனுக்குத் தாளில் இருக்கிற சொல், அவளுக்கு வாயில் இருக்கிற சொல். இதை எந்த எபியிலும் நான் எழுதவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

பழையநோட்டு:
நான் நான்கு நாவல் முடித்தவள், மூன்றைக் கிடப்பில் போட்டவள். கிடப்பில் போட்ட மூன்றும் எபி 15 பக்கத்தில்தான் நின்றன. அதனால் இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

24இல் காதலைச் சொல்ல வைப்பதுதான் உங்கள் சிக்கல். ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' 1813இல் வந்தது. பொருந்தாத ஜோடிக் கதை என்றால் இன்றுவரை எல்லோரும் திரும்பிப் போகிற வீடு அது. மொத்தம் 61 அத்தியாயம். நாயகன் டார்சி முதல் முறை காதலைச் சொல்வது எதில் தெரியுமா? 34இல். கதை பாதியைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான். சொல்கிற விதமோ, "என்னால் முடிந்தவரை எதிர்த்துப் பார்த்தேன், முடியவில்லை" என்ற பாணியில். ஆஸ்டின் அவருக்கு ஓரிரு வரிதான் நேர்ப்பேச்சாகக் கொடுக்கிறார். மீதியை, அதாவது உன் குடும்பம் என் தகுதிக்குக் கீழே என்கிற பகுதியை, கதைசொல்லியின் குரலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறார். அதைக் கேட்டு நாயகி எலிசபெத்துக்கு ஏறுகிற கோபத்தை மட்டும் நம் முன்னால் வைக்கிறார். அவள் மறுக்கிறாள். அடுத்த அத்தியாயத்தில் கடிதம் வருகிறது. அதற்கடுத்ததில் அவள் அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்து, தான் எங்கே தப்பாகக் கணக்குப் போட்டோம் என்று தன்னையே நொந்துகொள்கிறாள். இரண்டாம் முறை அவர் கேட்பது 58இல்.

34க்கும் 58க்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதுதான் உங்களிடம் இல்லாத ஒன்பது எபி. அதுவரை 'இவர்கள் எப்போது சொல்லிக்கொள்வார்கள்' என்று படித்தவர்கள், அதற்கப்புறம் 'இவ்வளவும் சொன்ன பிறகு எப்படி முகத்தில் முழிப்பார்கள்' என்று படிக்கிறார்கள். கேள்வி மாறினால் கதை நகரும்.

இன்னொன்று. டார்சிக்கு அவள் கண்கள் பிடித்துப்போய்விட்டன என்று ஆறாம் அத்தியாயத்திலேயே நமக்குச் சொல்லிவிடுகிறார்கள். அவளுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். 'எதற்காகக் காதலிக்க வேண்டும்' என்று நாம் கேட்கவே மாட்டோம், ஏனென்றால் ஒரு பக்கம் ஏற்கெனவே விழுந்துவிட்டதைப் பார்த்துவிட்டோம். உங்கள் ஆள் அவளுடைய எதைக் கண்டு தடுமாறினான்? பதினான்கு எபியில் ஒரு வரி இருக்கிறதா?

நடுப்பக்கம்:
இல்லை. (தலையில் கை.)

வழிப்போக்கன்:
தங்கைக்காகப் பேச இங்கே யாருமே இல்லையா? தவறான புரிதல் என்றாலே எல்லோரும் ஏன் இப்படிப் பதறுகிறீர்கள்? அதை எடுத்துவிட்டால் உலகத்தில் பாதி நகைச்சுவைக் கதைகளுக்கு எலும்பே இருக்காது.

தூக்கம்வராதவள்:
ஒரு போன் போட்டால் முடிகிற விஷயத்துக்கு எட்டு எபி அழ வைப்பார்கள், அதனால்தான். "நான் சொல்வதைக் கேள்" என்று அவன் சொல்ல, "நீ எதுவும் சொல்ல வேண்டாம்" என்று அவள் போய்விட, மழை வேறு பெய்யும்.

ஏட்டுச்சுரைக்காய்:
இரண்டு பேர் சொல்வதும் சரி. புரிதல் தவறுவதில் இரண்டு வகை உண்டு. அதற்குத் திருக்குறளில் புலவி நுணுக்கம் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, 132ஆவது. பள்ளியில் பெரும்பாலும் நடத்தாத பகுதி, நடத்தியிருந்தால் இன்னும் நான்கு பேர் தமிழ் படித்திருப்பார்கள்.

1317: அவன் தும்முகிறான். வழக்கப்படி அவள் வாழ்த்துகிறாள். வாழ்த்திய வாய் மூடுவதற்குள் அழுகிறாள், "யார் நினைத்து நீர் தும்மினீர்?" 1318: அடுத்த தும்மல் வருகிறது. பட்டது போதும் என்று அடக்கிக்கொள்கிறான். அதற்கும் அழுகிறாள், "உமக்கு வேண்டியவர் நினைப்பதை என்னிடம் மறைக்கிறீரா?" 1320: சரி என்று அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். "யாரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறீர்?"

இதில் எந்த போன் போட்டு என்ன பயன்? அவளுக்குத் தெரியாத தகவல் என்று எதுவுமே இல்லை. விளக்கம் கொடுத்தால் தீர்கிற சண்டையாக இருந்தால் வள்ளுவர் முதல் குறளோடு நிறுத்தியிருப்பார். தங்கைக் கதையில் தகவல் குறைவு. தும்மல் கதையில் தகவல் முழுசாக இருக்கிறது, அப்படியும் தீரவில்லை.

அதே அதிகாரத்தில் 1312 இன்னும் அழகு. இரண்டு பேரும் பேசாமல் ஊடியிருக்கிறார்கள். அவன் வேண்டுமென்றே தும்முகிறான். தும்மினால் "நீடு வாழ்க" என்று அவள் சொல்லித்தானே ஆக வேண்டும்? மௌனத்தை உடைக்க ஒரு பொய்த் தும்மல்.

தூக்கம்வராதவள்:
பொய்த் தும்மல்!!! இதை வைத்து ஏதோ செய்யலாம் போலிருக்கிறது. என்ன என்று பிடிபடவில்லை. யோசித்துவிட்டு வருகிறேன்.

அதற்கு முன் மனதில் உறுத்துகிற ஒன்று. எபி 6. புத்தக அறிமுக மேடையில், கூட்டத்துக்கு நடுவில், அவன் எழுந்து அவள் உச்சரிப்பைத் திருத்துகிறான். கூட்டம் சிரிக்கிறது. நீங்கள் அதை நகைச்சுவையாக எழுதியிருந்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கே அவனை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. அப்புறம் எட்டு எபி படித்தது உங்கள் எழுத்துக்காக.

நடுப்பக்கம்:
அவன் குணமே அதுதானே? இடம் பார்த்துத் திருத்தத் தெரியாது. அவன் கெட்டவன் இல்லை, அசடு. நாயகன் ஒரு தப்பும் செய்யக் கூடாது என்றால் அப்புறம் நகைச்சுவைக்கு எங்கே போவது?

தூக்கம்வராதவள்:
தப்பு செய்யட்டும். ஆனால் அவள் மேடையில் கூனிக் குறுகி நிற்கும்போது கதை யார் பக்கம் நின்று சிரிக்கிறது என்று பாருங்கள். கூட்டத்தின் பக்கம். ஆன்ட்டி ஹீரோ கதைகளை நான் படிப்பதை நிறுத்தியதே இதனால்தான். நாயகியை மட்டம் தட்டுவான், அதற்குப் பெயர் உரிமை.

பழையநோட்டு:
இதற்கு ஷேக்ஸ்பியரே இரண்டு விதமாக எழுதிப் பார்த்திருக்கிறார். 'தி டேமிங் ஆஃப் தி ஷ்ரூ' நாடகத்தில் கணவன் மனைவியைப் பட்டினி போட்டு, தூங்கவிடாமல் செய்து, சூரியனை நிலா என்று சொல்லச் சொல்கிறான், அவளும் சொல்கிறாள். அதை இன்றைக்கு மேடையேற்றுகிறவர்கள் முடிவை என்ன செய்வது என்று தெரியாமல் திண்டாடுகிறார்கள். சில வருடம் கழித்து எழுதிய 'மச் அடோ அபவுட் நத்திங்' நாடகத்திலும் வாய்ச்சண்டை ஜோடிதான், பியாட்ரிஸும் பெனடிக்கும். ஆனால் வார்த்தைக்கு வார்த்தை சமம். அவன் ஒன்று சொன்னால் அவள் இரண்டு.

அந்த நாடகத்தில் முக்கியக் கதை வேறொரு ஜோடியுடையது, இவர்கள் பக்கவாட்டில் வருகிறவர்கள். இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் தன்னிடம் இருந்த ஷேக்ஸ்பியர் தொகுப்பில் நாடகத்தின் பெயருக்குப் பக்கத்தில் இவர்கள் இருவரின் பெயரைக் கையால் எழுதிவைத்தார். வாசகன் எப்போதும் இப்படித்தான், எந்த ஜோடி சரிசமமாகப் பேசுகிறதோ அதன் பின்னால் போய்விடுவான்.

காதலைச் சொல்லிக்கொள்கிற இடம் எது தெரியுமா? அவளுடைய உறவுப் பெண்ணுக்கு மணமேடையில் பழி சுமத்தி அவமானப்படுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த இடத்தில். "நான் என்ன செய்ய வேண்டும் சொல்" என்கிறான் அவன். அவமானப்படுத்திய உன் நண்பனைக் கொல் என்கிறாள் அவள். அதுவரை இருந்த அத்தனை சிரிப்பும் அந்த ஒரு வரியில் நின்றுபோகிறது. அவன் முதலில் மறுக்கிறான், பிறகு அவள் பக்கம் வந்து நிற்கிறான். உங்கள் எபி 6இல் உங்கள் ஆள் நின்ற பக்கம் நேர் எதிர்.

ஏட்டுச்சுரைக்காய்:
கலித்தொகை 94 ஞாபகத்துக்கு வருகிறது. ஒரு கூனியும் ஒரு குறளனும், அதாவது குள்ளனும். வாசலில் பார்த்ததும் ஒருவர் உடம்பை ஒருவர் கிழி கிழியென்று கிழிக்கிறார்கள். உன்னை முன்பக்கமாகத் தழுவினால் கூன் நெஞ்சில் இடிக்கும், பின்னால் தழுவினால் கிச்சுக்கிச்சு மூட்டும் என்கிறான் அவன். அவள் பதிலுக்கு அவன் உயரத்தைப் பிடித்துக்கொள்கிறாள். அப்புறம் இரண்டு பேருக்குமே அலுத்து, இனி கேலி வேண்டாம் என்று சத்தியம் செய்துகொள்கிறார்கள். கடைசியில் என்ன சொல்கிறார்கள் பாருங்கள்: இங்கே அரண்மனையில் இருப்பவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள், வா, சோலைக்குப் போய்விடலாம்.

பாட்டு முழுக்க ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தவர்கள், முடிவில் மற்றவர்கள் சிரிப்பார்களே என்று சேர்ந்து கவலைப்படுகிறார்கள். 'நீ', 'நான்' என்று தொடங்கிய பாட்டு 'நாம்', 'அவர்கள்' என்று முடிகிறது. காதல் என்ற சொல்லைச் சொல்லவே தேவையில்லை.

நடுப்பக்கம்:
...

எபி 6ஐத் திருத்தி எழுதப் போகிறேன். மேடையில் வேறொருவர் அவள் உச்சரிப்பைக் கிண்டல் செய்வார். கூட்டம் சிரிக்கும். நம் ஆள் எழுந்து, கிண்டல் செய்தவரின் வாக்கியத்தில் இருக்கிற மூன்று பிழையைச் சொல்லிவிட்டு உட்காருவான். அவளுக்காகச் செய்தோம் என்றுகூட அவனுக்குத் தெரியாது. பிழை கண்ணில் பட்டது, சொன்னான், அவ்வளவுதான்.

தூக்கம்வராதவள்:
இப்போது நான் அவனைக் கட்டிக்கொள்கிறேன், அவள் வேண்டாம் என்றால்.

சிவப்புமை:
வணக்கம். நான் புரூஃப் பார்த்தே தலை நரைத்தவன். இந்த இழையை மகள் காட்டினாள். கதையைப் படித்தேன், சிரித்தேன். ஆனால் உங்கள் பையன் வேலை பார்க்கிற மாதிரி யாரும் வேலை பார்ப்பதில்லை அம்மா.

ஒன்று, நாங்கள் எழுத்தாளரோடு சண்டை போட மாட்டோம். சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பிவிடுவோம். அந்தக் கேள்விக்குறியில் எவ்வளவு திமிரையும் எவ்வளவு பணிவையும் வைக்க முடியும் என்பது தொழில் தெரிந்தவனுக்குத்தான் தெரியும்.

இரண்டு, முக்கியமான புத்தகம் என்றால் அந்தக் காலத்தில் தனியாகப் பார்க்க மாட்டோம். இருவர் உட்காருவோம். ஒருவர் மூலப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு உரக்கப் படிப்பார். இன்னொருவர் அச்சுப் படியில் விரலை ஓட்டிக்கொண்டே போவார். படிப்பவர் வெறும் சொற்களை மட்டும் படித்தால் போதாது. "அவன் வந்தான் காற்புள்ளி உட்கார்ந்தான் முற்றுப்புள்ளி புதுப் பத்தி" என்று எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும். மேற்கோள் குறி திறந்தது, மூடியது, எல்லாம். ஒரு மணி நேரம் போனால் காபி கேட்கும்போதும் வாயில் காற்புள்ளி வரும்.

உங்கள் பெண்ணுக்குக் குரல்தான் சொத்து என்கிறீர்கள். பையனுக்குக் கண். அப்புறம் ஏன் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்?

வழிப்போக்கன்:
ஒன்பது எபியும் கிடைத்தாயிற்று. ஐயா, உங்களுக்கு ஒரு சலாம்.

யோசித்துப் பாருங்கள். தன் காதல் தோல்வியைப் பற்றி எப்போதோ வானொலியில் பேசியதை, அவளே அவன் முன்னால் உட்கார்ந்து, காற்புள்ளியோடு படிக்க வேண்டும். "அன்றைக்கு நான் அழவில்லை முற்றுப்புள்ளி." அவன் தலையைத் தூக்காமல், "அங்கே மூன்று புள்ளி இருக்கிறது" என்பான்.

தூக்கம்வராதவள்:
புல்லரிக்கிறது. "அழவில்லை மூன்று புள்ளி."

நடுப்பக்கம்:
யாரும் எதுவும் பேசாதீர்கள், நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

(பேசுங்கள், பேசுங்கள். படித்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.)

பழையநோட்டு:
அவன் எங்கே தடுமாறினான் என்ற கேள்விக்கும் விடை இதில் வந்துவிடும். தாளில் பிழையாகத் தெரிந்த வாக்கியத்தை அவள் வாயால் கேட்கும்போது அது பிழையாகத் தெரியவில்லை. திருத்தக் கை போகிறது, பேனா இறங்கவில்லை. அதை நமக்குக் காட்டிவிடுங்கள், அவளுக்குக் காட்டாதீர்கள்.

கடைசியில் ஒரு பிழையைத் திருத்தாமல் விட்டு அதன் மூலம் காதலைச் சொல்வான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வாசகர்கள் அதை எபி 3லேயே ஊகித்துவிட்டார்கள், கருத்துப் பெட்டியைப் போய்ப் பாருங்கள்.

நடுப்பக்கம்:
அதுதான் என் எபி 24. இப்போது அதுவும் போயிற்று.

தூக்கம்வராதவள்:
வந்துவிட்டேன். தும்மல் பிடிபட்டுவிட்டது.

அவளுக்கு எப்போதோ ஒற்றெல்லாம் சரியாகப் போட வந்துவிட்டது. இத்தனை நாள் அவன் எதிரில் உட்கார்ந்து படித்தவளுக்கு வராதா? ஆனாலும் அவனுக்கு அனுப்புகிற செய்தியில் மட்டும் "உன்னை பார்க்க" என்றுதான் எழுதுகிறாள், ப் இல்லாமல். "முயற்சித்தேன்" என்று எழுதுகிறாள், அவன் "முயன்றேன்" என்று அனுப்பட்டும் என்று. தப்பு இருந்தால்தானே அவன் பதில் போடுவான்? அவள் தும்மிக்கொண்டே இருக்கிறாள். அவன் வாழ்த்திக்கொண்டே இருக்கிறான். அது தும்மல் என்று அவனுக்குத் தெரியாது.

ஏட்டுச்சுரைக்காய்:
1312ஐ இதைவிட நன்றாக யாரும் உரை எழுதியதில்லை. பரிமேலழகர் மன்னிக்கட்டும்.

வழிப்போக்கன்:
அப்படியென்றால் அவனுக்கு எப்போது தெரிய வேண்டும்? இதை அவன் பார்வையில் எழுதினால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். கிரேம் சிம்சியனின் 'தி ரோஸி பிராஜெக்ட்' 2013இல் வந்தது. மரபியல் பேராசிரியர் ஒருவர் மனைவி தேடுவதற்காகப் பக்கம் பக்கமாக ஒரு கேள்வித்தாள் தயாரிக்கிறார், அதில் எந்தக் கேள்வியிலும் தேறாத பெண் கதைக்குள் வருகிறாள். முழுக்க அவரே சொல்கிற கதை. தான் காதலில் விழுந்துவிட்டது அவருக்குத் தெரிவதற்கு ரொம்ப முன்னாலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. தன்னை வேடிக்கையான ஆள் என்று அவர் நினைப்பதே இல்லை, அதனால்தான் சிரிப்பு வருகிறது. உங்கள் ஆளும் ஜோக் அடிக்கக் கூடாது. ஒவ்வொரு திருத்தத்தையும் முழு அக்கறையோடு செய்ய வேண்டும்.

பழையநோட்டு:
தெரிகிற இடம்: அவள் வேறு யாருக்கோ எழுதிய ஒரு தாளை அவன் பார்க்கிறான். ஒரு பிழைகூட இல்லை. முதலில் யாரோ திருத்திக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பொறாமைப்படுகிறான். (எவன் அவன், எனக்குத் தெரியாத புரூஃப் ரீடர்?) தவறான புரிதல் கேட்டவர்களுக்கு அரை எபிக்கு இந்தத் தவறான புரிதல் போதும்.

நடுப்பக்கம்:
இல்லை. வேறு யாருக்கோ இல்லை. அவனுக்கே.

இரண்டு நாளாக இந்த இழையையும் என் கோப்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போது பிடித்துவிட்டேன். எபி 17இல் அவன் சொல்லிவிடுகிறான், டார்சி மாதிரி, கேவலமாக: "உன் பிழைகளையும் மீறி உன்னைப் பிடித்திருக்கிறது." பாராட்டு என்று நினைத்துத்தான் சொல்கிறான். அவள் எழுந்து போகிறாள். சத்தம் இல்லை, கதவு படார் இல்லை. அடுத்த நாள் அவளிடமிருந்து ஒரு கடிதம். புத்தகத்தின் மீதி வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடும்படி. எட்டு வரி.

ஒரு பிழை இல்லை.

எபி 18 முழுக்க அவனும் அந்தக் கடிதமும்தான்.

தூக்கம்வராதவள்:
இரண்டு மணி ஆகிறது. நான் ஏன் அழுகிறேன்.

ஏட்டுச்சுரைக்காய்:
தும்மல் நின்றுவிட்டது.

வழிப்போக்கன்:
சிரிப்பு நாவல் என்று சொல்லித்தானே ஆரம்பித்தீர்கள்?

பழையநோட்டு:
இது சிரிப்பு நாவல்தான். பிழை இல்லாத கடிதத்தைப் பார்த்து ஒரு புரூஃப் ரீடர் நொறுங்கிப்போவதைவிட வேடிக்கை என்ன இருக்கிறது?

முடிவில் அவர்கள் சேர்கிற காட்சிக்கு ஒரு யோசனை. 1815 டிசம்பரில் வந்த 'எம்மா'வில், நாயகன் காதலைச் சொல்லி முடித்ததும் நாயகி என்ன பதில் சொன்னாள் என்று ஆஸ்டின் எழுதவே இல்லை. என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொன்னாள் என்று ஒரே வரியில் நம் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திவிடுகிறார். அவ்வளவு நேரம் ஓயாமல் பேசிய பெண்ணுக்கு அந்த இடத்தில் வசனம் கிடையாது. உங்கள் அறிவிப்பாளருக்கும் அப்படி ஒரு மௌனம் பொருந்தலாம். எடுத்துக்கொள்வதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

நடுப்பக்கம்:
எபி 25 பற்றி இப்போது யோசிக்க மாட்டேன், 18ஐ முடிக்கிறேன். ஒரு துண்டு மட்டும் இங்கே போடுகிறேன், அடிக்க வருவதென்றால் இப்போதே வந்துவிடுங்கள்.

"கடிதத்தை மேசை மேல் விரித்து நான்கு முனையிலும் கனம் வைத்தான். சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தான். முதல் வரி. 'தங்களைச் சந்தித்து' – ச் இருந்தது. மூன்றாம் வரி. 'ஓர் ஏற்பாடு' – ஓர். ஒரு இல்லை, ஓர். ஆறாம் வரியில் ஒரு 'முயன்றேன்'. பேனாவின் முனை காய்ந்தது. முதலிலிருந்து மறுபடி படித்தான். மூன்றாம் முறையும் படித்தான். எங்கேயாவது ஒன்று இருக்கும் என்று நினைத்தான். எங்கேயும் இல்லை."

சிவப்புமை:
நன்றாக இருக்கிறது அம்மா. ஒன்று மட்டும். மூன்று முறையோடு விட மாட்டான். நேராகப் படித்தால் கண் பொருளைப் பிடித்துக்கொண்டு எழுத்தைத் தாண்டிவிடும், அது எங்களுக்குத் தெரியும். அதனால் நான்காவது முறை கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லுக்கு, ஒவ்வொன்றாக, பின்னோக்கிப் படிப்பான். கடிதத்தில் கடைசிச் சொல் அவள் பெயராகத்தானே இருக்கும்?

நடுப்பக்கம்:
ஆமாம் ஐயா. அங்கேயிருந்து ஆரம்பிக்கிறேன். நாளை இரவு யூடி.